கூட்டுப் பண்ணையில தொண்டராப் போய் நிக்க நினைக்கிறன், படுவான்கரையில இருந்த ஆக்கள் சொல்லுங்க

வாவிக்காத்து

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு, கல்லடி. உயர்தரப் பரீட்சை முடிஞ்சுது, கம்பஸ் கூப்பிடும் வரைக்கும் நேரம் கிடக்கு. வாவிக்கு மேற்கால, படுவான்கரையில ஆயித்தியமலைக்கு அங்கால கொஞ்சக் குடும்பங்கள் சேர்ந்து மருந்து, யூரியா இல்லாமத் தோட்டமும் வயலும் செய்யிறாங்களாம். தங்க இடமும் சாப்பாடும் குடுத்துத் தொண்டர்களை எடுக்கிறாங்க எண்டு கேள்விப்பட்டன். புரட்டாதியில போய் மாரி முடியும் வரைக்கும் நிக்க ஆசை.

அம்மா யானை, பாம்பு, காய்ச்சல் எண்டு பயப்படுறா. அப்பா "சம்பளம் இல்லாம எதுக்கு வேலை வாங்குறாங்க?" எண்டு கேட்கிறார். எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: அங்க ஒரு நாள் எப்படிப் போகும்? பெண்பிள்ளை தனிய நிக்கலாமா? மண்வெட்டி பிடிச்சுப் பழக்கமில்லாத ஒராளால அந்த மனிசருக்கு உண்மையா ஏதும் பிரயோசனம் இருக்கா?

மண்வெட்டி

தங்கச்சி, நான் அப்படியொரு பண்ணையிலதான் இருக்கன். தொண்டராத்தான் வந்தன், போகம் முடிஞ்ச பிறகும் நிண்டுட்டன். நீங்க சொல்ற இடமா இது எண்டு இங்க எழுத மாட்டன், அவங்களிட்டக் கேட்காம இடத்தைப் பொதுவில போடுறது சரியில்லை. நாள் எப்படிப் போகும் எண்டு சொல்றன்.

வெள்ளாப்பில எழும்பணும். இப்ப ஆவணி, கச்சான் காத்து அடிக்கிற காலம். காலமை ஊத்தின தண்ணிய மத்தியானத்துக்குள்ள காத்து உறிஞ்சி எடுத்துரும். அதனால வெயில் ஏற முதல் பாத்தி எல்லாம் நனையணும். கிணத்தில சோலர் பம்பு இருக்கு, ஆனா அது வெயில் வந்த பிறகுதான் இழுக்கும். முதல் நாள் பின்னேரம் தாங்கியில நிரப்பி வைச்ச தண்ணியத்தான் காலமை ஊத்துறம். தாங்கி நிரப்ப மறந்தா அடுத்த நாள் நாத்துமேடை வாடும். இங்க வாற ஆளுக்கு முதல்ல குடுக்கிற பொறுப்பு அந்தத் தாங்கிதான்.

பிளேன்டீ குடிச்சிட்டு 6 மணிக்கு இறங்கினா 10.30 மட்டும் வேலை. அதுக்குப் பிறகு வெயிலில நிக்க ஏலா. நிழலில விதை பிரிக்கிறது, கறிக்குக் காய் நறுக்கிறது, குளிப்பு, சாப்பாடு, ஒரு சின்ன நித்திரை. 3.30க்குத் திரும்பவும் இறங்கி மைம்மல் மட்டும். இரவு சாப்பிட முதல் எல்லாரும் வட்டமா இருந்து நாளைக்கு ஆர் எதைச் செய்யிறது எண்டு கதைப்பம்.

சமையல் முறை வைச்சு நடக்கும், ஆம்பிளை பொம்பிளை வித்தியாசம் இல்லை. சிவப்பரிசிச் சோறு, பயிற்றங்காய், கீரைச் சுண்டல், குளத்து மீன் கிடைச்சாச் செப்பலிக் கறி. உப்பு, தேயிலை, சீனி, மாசிக் கருவாடு இப்படிச் சிலதைத்தான் கடையில வாங்குறம். இஞ்ச நடந்த சண்டையில முக்கால்வாசி சட்டி கழுவுறதாலதான் வந்தது. அதை வீட்டுக்காரருக்கும் சொல்லிட்டு வாங்க, கூட்டா வாழுறதுக்கு மண்வெட்டியவிட அதுதான் கூடுதலாப் பழக வேணும்.

பொம்பிளைப் பிள்ளைகளுக்குத் தனி அறை, உள்ளால பூட்டலாம், கழிவறை கிட்ட. ஒரு பிள்ளைய மட்டும் தனிய விட மாட்டாங்க, குடும்பத்து அக்காமாரில ஒராள் எப்பவும் அந்தப் பக்கம். நீங்க எந்தப் பண்ணைக்குப் போனாலும் முதல்ல அம்மாவையும் அப்பாவையும் கூட்டிட்டுப் போய் ஒரு பகல் முழுக்க நில்லுங்க. அதுக்குச் சம்மதிக்காத இடத்துக்குப் போக வேணாம்.

பிரயோசனமா எண்டு கேட்டீங்க. ரெண்டு கிழமைக்கு எண்டா இல்லை. வேலை பழக்கி முடியிறதுக்குள்ள ஆள் போயிரும். ஐப்பசியில விதைச்சு, மார்கழி வெள்ளம் பாத்து, தை மாசியில வெட்டும் வரைக்கும் நிக்கிற பிள்ளை எண்டா பண்ணைக்கும் நல்லம், பிள்ளைக்கும் நல்லம்.

சம்மாந்துறை வயல்காரன்

தங்கச்சிட ஆசையக் கெடுக்க நான் எழுதல்ல. ஆனா "யூரியா இல்லாம" எண்ட சொல்லக் கேட்டா எங்கட ஊரில ஆக்களுக்கு 2021தான் ஞாபகம் வரும். அந்த வருசம் மே மாசம் வர்த்தமானி போட்டு இரசாயனப் பசளை இறக்குமதிய நிப்பாட்டினாங்க, நொவம்பரில திரும்ப விட்டாங்க. அதுக்குள்ள மாரிப் பெரும்போகம் விதைச்சாச்சு. பயிர் மஞ்சளாப் போய் நிண்டத நாங்க கண்ணால பார்த்தம். எங்கட வாப்பா அந்த வயசில கடன்பட்டார்.

கணக்கு ஒண்டு சொல்றன். யூரியாவில 46 வீதம் நைதரசன். 50 கிலோ மூட்டை ஒண்டில 23 கிலோ. கூட்டெருவில நல்லது எண்டாலும் ஒண்டு, ஒண்டரை வீதம்தான். அந்த ஒரு மூட்டைக்கு ஈடு கட்ட 2 தொன் அளவு எரு வேணும். ஏக்கருக்கு ரெண்டு மூட்டை கிட்டப் போடுறவனுக்கு 4 தொன். அம்பாறையில கல்லோயாத் திட்டத் தண்ணியில கிடக்கிற வயல் எல்லாத்துக்கும் அந்த எருவ ஆரு செய்யிற, எந்த வண்டியில ஏத்திற? சின்னப் பண்ணையில நாலு பாத்தி பச்சையா இரிக்கி எண்டு காட்டி, நெல்லுக்காரனுக்குப் பாடம் சொல்ல வந்திராதீங்க. அதுதான் என்ட மனவருத்தம்.

மண்வெட்டி

அண்ணன், உங்கட கணக்குச் சரி. அந்தக் கணக்க இஞ்ச சுவரில எழுதியே வைச்சிருக்கம். ஒரே கையெழுத்தில நாட்டையே மாத்தலாம் எண்டு நினைச்சது பெரிய அநியாயம், அதுக்காக இந்தப் பண்ணையில ஒராளும் வாதாட மாட்டாங்க.

நாங்க செய்யிறது வேற. தோட்டம் முழுக்க இயற்கைதான். வயலில ஒரு துண்டு மட்டும்தான் முழுசா மாறியிருக்கு, மற்றத் துண்டில யூரியாவக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கிறம். நைதரசன் முழுக்க எருவாலயே வர வேணும் எண்டும் இல்லை. போகத்துக்கும் போகத்துக்கும் நடுவில சணல் விதைச்சுப் பூக்கிற நேரம் மடக்கி உழுறம். வேலி முழுக்கக் கிளிசரியா, மாரியில வெட்ட வெட்டத் தழைக்கும், அந்த இலையும் வயலுக்குத்தான். பயறு, கௌபி போட்ட நிலத்தில அடுத்த பயிர் தெளிவா நிக்கும்.

இன்னொண்டு, வைக்கோல். நெல்லு மண்ணிலயிருந்து எடுக்கிற பொட்டாசியத்தில பெரும்பங்கு வைக்கோலிலதான் கிடக்கு. மெசினால வெட்டி முடிஞ்சதும் வட்டை வட்டையாக் கொளுத்துறாங்களே, அதைப் பாக்க எனக்கு வயிறு எரியும். கொளுத்தாம வயலுக்குள்ளயே பரவி விடுறதுக்கு எந்தக் கொள்கையும் தேவையில்லை, யூரியா போடுறவரும் செய்யலாம். அண்ணன், நீங்க அங்க கொளுத்துறீங்களா, விடுறீங்களா? உண்மையாவே கேட்கிறன்.

சம்மாந்துறை வயல்காரன்

ரெண்டு வருசமாக் கொளுத்தல்ல. மாட்டுக்காரர் கொஞ்சம் ஏத்துவாங்க, மிச்சம் அப்படியே கிடக்கும், தண்ணி விட்டு உழுதா அவியும். ஆனா கோடைச் சிறுபோகத்துக்குத் தண்ணி திறக்கிற நாள் நெருங்கினா அவிய நாள் காணாது, அப்பதான் கொளுத்துறாங்க. போகம் தொடங்க முதல் வைக்கிற ஆரம்பக் கூட்டத்தில தண்ணித் திகதி குறிக்கிற நேரம் இதையும் பாத்தா நல்லம். விவசாயிய மட்டும் குறை சொல்லிப் பலனில்ல.

களைக்கு என்ன செய்றீங்க? எங்கட பக்கம் எல்லாம் வீசி விதைப்புத்தான். வீசி விதைச்ச வயலில களைநாசினி இல்லாட்டி நெல்லு எது, கோரை எது எண்டே தெரியாது.

மண்வெட்டி

அதாலதான் நாங்க வீசி விதைக்கல்ல. மாறின துண்டில நாத்து நடுறம், நிரையா. நிரைக்கு நடுவில உருட்டுற களைக்கருவி போகும். நாத்து நட்டு ரெண்டு கிழமைக்குள்ள முதல் உருட்டு, பிறகு பத்து நாளைக்கு ஒருக்கா, பயிர் மூடும் வரைக்கும். தண்ணிய ரெண்டு மூண்டு அங்குலத்தில பிடிச்சு வைச்சாலே பாதிக் களை முளைக்காது, அதுக்கு வயல் மட்டமா இருக்கணும், வரம்பில நண்டு ஓட்டை இருக்கக் கூடாது. ஆனா உண்மையச் சொன்னா, நிரைக்குள்ள நிக்கிற களையக் கையால பிடுங்கத்தான் வேணும். குனிஞ்ச முதுகோட, சேத்துக்குள்ள. மருந்துக்குப் பதிலாக் கைதான் வருது.

கொக்கட்டிச்சோலைப் பிள்ளை

இந்தக் கடைசி வசனத்துக்காகத்தான் எழுதுறன்.

எங்கட அம்மா களை பிடுங்கிற கூலிக்குப் போறவ. களைநாசினி வந்த பிறகு அந்த வேலை குறைஞ்சு போச்சு. வெட்டுற மெசின் வந்ததோட அறுவடைக் கூலியும் இல்லை. இப்ப இயற்கை எண்டு சொல்லிக் கொஞ்ச இடத்தில திரும்பவும் கைவேலை வருது, அது எங்கட அம்மா மாதிரி ஆக்களுக்கு வர வேண்டிய வேலை. அந்த இடத்தில டவுனில இருந்து படிச்ச பிள்ளைகள் காசில்லாம வந்து களை பிடுங்கினா அம்மாட நாள் என்னாகும்?

வாவிக்காத்து தங்கச்சி, உங்கட மனசு நல்லது எண்டு விளங்குது. உங்கட அப்பா கேட்ட கேள்வி இன்னும் நல்லது. உங்களுக்குச் சம்பளம் இல்லாட்டிப் பரவாயில்லை, வீட்டில சோறு இருக்கு. உங்களாலயே இன்னொராளுக்குச் சம்பளம் இல்லாமப் போனா அது தொண்டா?

மண்வெட்டி

அக்கா, நீங்க கேட்டது இஞ்சயும் பெரிய கதையா நடந்த விசயம். ஒரு கட்டுப்பாடு வைச்சிருக்கம். நடுகை, களை, அறுப்பு, இந்த மூண்டுக்கும் பக்கத்து ஊர் ஆக்களக் கூலி குடுத்துத்தான் கூப்பிடுறது. எத்தனை பேர் வேணும் எண்டு முதலே குறிச்சிருவம். தொண்டர் எத்தனை பேர் நிண்டாலும் அந்தத் தொகையில ஒராள் குறையாது.

தொண்டருக்குக் குடுக்கிறது ஆரும் கூலி குடுத்துச் செய்விக்காத வேலை. கூட்டெரு, விதை, உயிர்வேலி, பதிவுப் புத்தகம். மழை எவ்வளவு பெஞ்சது, எந்தப் பாத்தியில எப்ப பூச்சி வந்தது, எருவுக்கு எத்தனை நாள் எடுத்தது எண்டு ஒவ்வொரு நாளும் எழுதுறதுக்கு ஒரு ஆள் இருந்தாத்தான் அடுத்த வருசம் ஏதும் தெரியும். தன்ட காணியில தனியக் கஷ்டப்படுற விவசாயிக்கு அதுக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. தொண்டர் எண்டவர் நிக்க வேண்டிய இடம் அதுதான் எண்டு நான் நம்புறன்.

கொக்கட்டிச்சோலைப் பிள்ளை

கட்டுப்பாடு நல்லம். ஆனா யோசிச்சுப் பாருங்க. விதையும் புத்தகமும் நிழலில செய்யிற வேலை. சேறும் வெயிலும் அம்மாவுக்கு, நிழல் படிச்ச பிள்ளைக்கா? இன்னொண்டு, எந்தக் கத்தரி எந்த மண்ணில நிக்கும், எந்த மழைக்கு எந்தப் பூச்சி வரும் எண்டு எங்கட அம்மாட்டக் கேளுங்க. புத்தகம் இல்லாமச் சொல்லுவா. உங்கட இரவுக் கூட்டத்தில கூலிக்கு வாற ஆக்கள் எப்பவாவது இருந்திருக்காங்களா?

மண்வெட்டி

இருந்ததில்லை. அவங்க 4 மணிக்கு வீட்ட போயிருவாங்க, கூட்டம் இரவு. உங்கட கேள்விய அப்படியே கூட்டத்தில வாசிக்கிறன். என்ன சொன்னாங்க எண்டு வந்து எழுதுறன்.

வாவிக்காத்து

அக்கா, நான் இப்படி யோசிச்சதே இல்லை. அப்பாவுக்கு உங்கட பதிவ வாசிச்சுக் காட்டினன். "இந்தப் பிள்ளைட கேள்விக்கு அவங்க என்ன பதில் சொல்றாங்க எண்டு பாத்துட்டுப் போ" எண்டார்.

அன்புள்ள தாதி

நோயைப் பற்றி அம்மா பயப்படுவதால் நான் எழுதுகிறேன். கிழக்கில் வைத்தியசாலையில் வேலை செய்பவள்.

வயலில் இறங்குபவர்களுக்கு முதல் ஆபத்து எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த சேற்றுத் தண்ணீர், காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகக் கிருமியை உள்ளே விடுகிறது. மாரி காலத்தில் கூடும். வயலுக்குப் போகுமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தியுங்கள். தேவையானவர்களுக்குக் கிழமைக்கு ஒருமுறை எடுக்கும் டொக்ஸிசைக்கிளின் குளிசை தருவார்கள். எல்லாருக்கும் அது பொருந்தாது, ஆகவே கடையில் நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். காலில் புண் இருந்தால் அன்றைக்குச் சேற்றில் இறங்காதீர்கள். காய்ச்சலோடு கண் சிவப்பு, கெண்டைக்கால் தசை நோவு, சிறுநீர் குறைதல் இருந்தால் "வயலில் நின்றேன்" என்று வைத்தியரிடம் முதல் வசனமாகச் சொல்லுங்கள்.

பாம்பு. கட்டுவிரியன் இரவில் வரும், நிலத்தில் படுத்திருப்பவரைத்தான் பெரும்பாலும் கடிக்கும். கடித்த இடத்தில் வலியே தெரியாமல் இருக்கலாம், வயிற்று வலியோடு விடியற்காலையில் எழும்புவார்கள். கட்டிலில் படுங்கள், நுளம்பு வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். அந்த வலை டெங்கு நுளம்புக்கும் உதவும், பகலில் படுத்தாலும் போடுங்கள். இருட்டில் டோர்ச் இல்லாமல் நடக்காதீர்கள். கடிபட்டால் வெட்டுவது, கட்டுவது, கல் வைப்பது ஒன்றும் வேண்டாம். அசையாமல் வைத்து நேரே வைத்தியசாலை.

மகளை அனுப்பலாம் என்றுதான் அம்மாவுக்குச் சொல்வேன். இதெல்லாம் அந்தப் பண்ணையில் நடைமுறையில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

களுதாவளைத் தோட்டம்

நான் வாவிக்குக் கிழக்கால, எழுவான்கரை மணலில கத்தரியும் கொச்சியும் வெத்திலையும் செய்யிறவன். ஒரு விசயம் மட்டும். சந்தையில இயற்கைக் கத்தரிக்கு எண்டு தனி விலை இல்லை. பூச்சி கடிச்ச அடையாளம் இருந்தாக் கழிச்சுப் போடுவாங்க. அந்தப் பண்ணை மரக்கறிய எங்க விக்கிறாங்க? அது தெரியாம மற்றதெல்லாம் கதைச்சு வேலையில்லை.

மண்வெட்டி

சந்தைக்குக் கொண்டு போறது குறைவு அண்ணன். மட்டக்களப்பு டவுனில வீட்டுக்காரர் கொஞ்சப் பேர் கிழமைக்கு ஒரு பை எண்டு முன்காசு தருவாங்க. என்ன விளையுதோ அதுதான் பையில. அதுவும் மார்கழியில உன்னிச்சைக் குளம் வான் கதவு திறந்து வவுணதீவுப் பக்கம் ரோட்டு மூடினா அந்தக் கிழமை போகாது. வாங்கிற ஆக்களும் அதை ஏத்துக்கிட்டுத்தான் சேருறாங்க. முழுச் செலவும் இதால ஈடாகாது, நெல்லும் விதையும் சேர்ந்தாத்தான் குடும்பங்களுக்குக் காணும்.

பூச்சிக்கு வேப்பங்கொட்டை. லீற்றருக்கு 50 கிராம் கணக்கில இடிச்சு இரவு முழுக்க ஊற வைச்சு, வடிச்சு, கொஞ்சம் சவுக்காரம் கலந்து பின்னேரத்தில அடிக்கிறம். வெயில் பட்டா அதின்ட சத்து கெதியாப் போயிரும், காலமை அடிச்சாப் பலனில்லை. சோளனுக்குப் படைப்புழு வந்த காலத்தில இது தனிய நிண்டு பிடிக்கல்ல, ஒவ்வொரு குருத்தாப் பாத்துக் கையால முட்டை நசுக்கினாங்க. உங்கட மணலில தண்ணி நிக்காதே, மூடாக்கு என்ன போடுறீங்க?

களுதாவளைத் தோட்டம்

வைக்கோல் இஞ்ச விலை. தென்னோலை, மட்டை, கிடைக்கிற நேரம் ஆத்துவாழை (ஆகாயத்தாமரை). வாவியில ஒதுங்குறத அள்ளி வெயிலில காயப்போட்டுத்தான். பச்சையாப் போட்டா முழுக்கத் தண்ணி, பாரம்தான் மிச்சம்.

மண்வெட்டி

டவுன் வாய்க்கால் விழுற பக்கத்து ஆத்துவாழைய மட்டும் எடுக்காதீங்க அண்ணன், அழுக்கில இருக்கிற ஈயம் மாதிரி உலோகங்கள அது உறிஞ்சி வைக்கும். மற்றப்படி எருவுக்கு அருமையான சாமான்.

பழைய சிரமதானி

பிள்ளைகளே, எனக்கு எழுபது கடந்துவிட்டது. கூட்டுப் பண்ணை நமக்குப் புதிதல்ல என்பதை மட்டும் சொல்கிறேன். 1970களின் பிற்பகுதியில் வவுனியாவைத் தளமாகக் கொண்டு கட்டடக்கலைஞர் எஸ்.ஏ.டேவிட், வைத்தியர் எஸ்.இராஜசுந்தரம் இருவரும் காந்தியம் இயக்கத்தை நடத்தினார்கள். தமிழருக்கு எதிரான 1977 வன்செயலில் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வந்த குடும்பங்களுக்குக் காணி, கிணறு, விதை, பாலர் பாடசாலை என்று கட்டியெழுப்பினார்கள். இளைஞர் பலர் தொண்டராகப் போனார்கள். 1983 இல் இருவரும் கைதாகி, அந்த யூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டதோடு அது குலைந்தது.

அந்தப் பண்ணைகளில் காணி இல்லாதவர்தான் நடுவில் இருந்தார், தொண்டர் பக்கத்தில் நின்றார். கொக்கட்டிச்சோலைப் பிள்ளை கேட்டதைப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது. அந்தக் கேள்வியைத் தள்ளிவிடாதீர்கள்.

அக்கரைப்பற்றான் (இப்ப ரொறன்ரோ)

வெளிநாட்டில் இதற்கென்றே வூஃப் (WWOOF) என்ற வலையமைப்பு இருக்கிறது. 1971இல் இங்கிலாந்தில் தொடங்கியது. நாளுக்கு நாலைந்து மணித்தியாலம் வேலை, பதிலுக்குச் சாப்பாடும் படுக்கையும், காசு கைமாறாது. நான் இரண்டு கோடைக்கு அப்படிப் பண்ணைகளில் நின்றேன். அங்கே கூலிக்கு ஆள் கிடைப்பதே கஷ்டம், அதனால் அந்த ஏற்பாடு பொருந்துகிறது. வேலை தேடி ஆக்கள் இருக்கிற படுவான்கரைக்கு அதை அப்படியே கொண்டுவந்து நட முடியாது. மண்வெட்டி சொன்ன கட்டுப்பாடு அதனால்தான் முக்கியம். மணித்தியாலம், ஓய்வு நாள், வீட்டுக்குப் போகும் நாள் எல்லாம் முதலே கடதாசியில் எழுதி வாங்குங்கள் தங்கச்சி. நல்ல மனிசரோடும் அது நல்லது.

வாவிக்காத்து

எல்லாருக்கும் நன்றி. யானை பற்றி ஒராளும் சொல்லல்ல, அம்மா கேட்டுட்டே இருக்கா.

சம்மாந்துறை வயல்காரன்

யானை வாறது உண்மை. நெல்லு முத்துற காலத்திலயும், வெட்டின பிறகு தாள் மேயவும் வரும். வாழை, தென்னை, சோளன் கிட்ட வீடு இரிந்தா வேலிக்குள்ளயும் வரும். இரவில ஆள் தனிய வெளிக்கிடக் கூடாது. வீட்டுக்குள்ள நெல்லுமூட்டையும் உப்பும் வைச்சிட்டுப் பக்கத்தில படுக்கக் கூடாது, வாசத்துக்குச் சுவர் இடிச்ச கதை எங்கட பக்கம் இரிக்கி.

மண்வெட்டி

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. இஞ்ச மின்வேலி இருக்கு, ஆனா வேலி போட்டா மட்டும் காணாது. மழைக்குப் பிறகு புல்லு வளர்ந்து கம்பியில முட்டினா மின் இறங்கிரும், அதால கம்பிக்குக் கீழ வெட்டுறது ஒவ்வொரு கிழமையும் நடக்கும். வெளி வரம்பில வாழை இல்லை, தேசி நட்டிருக்கம், அதை யானை விரும்பித் தின்னாது. நெல்லு பெட்டகம் நடுவில, படுக்கிற இடம் தள்ளி. தை மாசியில பரணில ஊர் ஆக்களோட முறைக் காவல். தொண்டர் பிள்ளைகளக் காவலுக்கு விடுறதில்லை.

இப்ப கூட்டத்துக் கதை. கொக்கட்டிச்சோலை அக்கா, உங்கட பதிவ வாசிச்சன். ஒரு பெரியம்மா கேட்டுட்டு, "அந்தப் பிள்ளை கேட்டதில என்ன பிழை?" எண்டா. நல்ல நேரம் கதை போச்சு. முடிவு இவ்வளவுதான்: போகத் திட்டம் போடுற கூட்டம் இனி இரவில இல்லை, வேலை நாளில 3 மணிக்கு, கூலிக்கு வாற ஆக்களும் இருக்கிற மாதிரி. அந்த நேரத்துக்கும் கூலி உண்டு. விதைப் பொறுப்பு தொண்டரிட்ட மட்டும் இல்லாம, விதை தெரிஞ்ச அம்மா ஒராளுக்குக் கூலியோட. தொண்டர் அவவிட்டப் பழகி எழுதுவாங்க. நடுகைக்குத் தொண்டரும் அதே நிரையில இறங்குவாங்க, ஆனா கூலி ஆக்கள் தொகை குறையாது.

எல்லாத்துக்கும் உடன்பாடு வரல்ல. காசு எங்கயிருந்து வாறது எண்டு ஒரு அண்ணன் கேட்டார், நியாயமான கேள்வி. இந்தப் பெரும்போகத்துக்குச் செய்து பாக்கிறம், மாசியில கணக்குப் பாப்பம்.

கொக்கட்டிச்சோலைப் பிள்ளை

கூட்ட நேரத்துக்கும் கூலி எண்டதுதான் எனக்குப் பெரிசு. அம்மாவுக்குச் சொன்னன், முதல்ல நம்பல்ல. மாசியில கணக்கு எழுதினா இங்கயும் போடுங்க தம்பி, நல்லதோ கெட்டதோ.

எங்கட அம்மாட்ட வெள்ளைக் கத்தரி விதை இருக்கு, அம்மம்மா காலத்தில இருந்து வைச்சிருக்கிறது. முள்ளு இருக்கும், காய் சின்னன், கச்சான் காத்துக்கும் பூ உதிராது. உங்கட விதை அம்மாவுக்குக் குடுத்து விடலாமா?

மண்வெட்டி

கட்டாயம் அக்கா. கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்திலயே காய்க்கும், ஆனா தேனீ கொஞ்சம் கலந்து விடும். அதால மற்றக் கத்தரியில இருந்து தள்ளி, ஊதாக் கத்தரி இல்லாத பக்கமாப் பாத்தி போடுறம். நாத்துமேடைக்குப் புரட்டாதி முதல் கிழமை நல்லம். எத்தனை காய் விதைக்கு விடணும், எந்தக் கொப்பில விடணும் எண்டு அம்மாட்டக் கேட்டு எழுதி விடுங்க, இல்லாட்டி நேரில வரச் சொல்லுங்க. அந்த நாளுக்கும் கூலி இருக்கு.

வாவிக்காத்து தங்கச்சி, தாதி அக்கா சொன்னதெல்லாம் இஞ்ச நடக்குது, கட்டிலும் வலையும் இருக்கு. உங்களோட தனியக் கதைச்சு இடத்தைச் சொல்றன். வீட்டுக்காரரோட சனிக்கிழமை தவிர எந்த நாளும் வரலாம், சனிக்கிழமை பை கட்டுற நாள், ஒராளோடயும் ஆறுதலாக் கதைக்க ஏலா. முழுக் கைச் சட்டை ரெண்டு, பாட்டாச் செருப்பு ஒண்டு, டோர்ச் ஒண்டு போதும். சப்பாத்து வாங்கிக் காசு சிலவழிக்க வேணாம், சேத்துக்குள்ள இறங்கிற பூட்ஸ் இஞ்ச இருக்கு.